இராமானுஜம் கப்பலில் ஒரு பகல்

கொழும்புத் துறைமுகத்துக்கு உல்லாசப் பயணக் கப்பல் ஒன்று வந்திருப்பதைக் கண்டியில் இருப்பவர்கள் பத்திரிகை பார்த்து அறிய வேண்டியதில்லை. முற்பகல் பதினொரு மணியளவில் தலதா மாளிகைப் பக்கம் சென்றால் போதும். சொகுசுப் பேருந்துகள் வரிசையாக நிற்கும். கழுத்தில் ஒரே நிற அட்டையைத் தொங்கவிட்ட முதியவர்கள் குடையின் கீழ் நின்று வழிகாட்டி சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். மாளிகை, வாவி, பேராதனைப் பூங்கா எல்லாம் அரை நாளில் முடிந்துவிட வேண்டும். மாலையில் கப்பல் புறப்பட்டுவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் வாவிக்கரையில் அப்படியொருவருடன் பேசக் கிடைத்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர், மூன்று மாதக் கப்பல் பயணத்தில் இருந்தார். எந்தத் துறைமுகம் மிகவும் பிடித்தது என்று கேட்டேன். துறைமுகமே இல்லாத நாட்கள்தான் பிடித்தவை என்றார். அவற்றைக் கடல் நாட்கள் என்று சொல்வார்களாம். கரை தெரியாது. செய்வதற்கு ஒன்றும் இராது. காலையில் மேல்தளத்தில் நடை, ஒரு புத்தகம், பகல் உறக்கம், மாலையில் சங்கீதம். சில நாட்களுக்கு ஒருமுறை கடிகாரத்தை ஒரு மணி நேரம் திருப்பி வைக்க வேண்டும். அதுவே பெரிய வேலை. அந்த வெறுமையில்தான் தாம் யாரென்று தமக்கு ஞாபகம் வருகிறது என்று அவர் சொன்னபோது அதில் பொய் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களில் பிறந்தவர்களுக்கும் ஒரு கடல் நாள் இருந்தது. வாழ்நாளில் ஒன்றே ஒன்று. தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையில் ஓடிய இராமானுஜம் என்ற கப்பலில் அது கழிந்தது. அந்தப் பகலைப் பற்றி எழுதப்பட்டவை மிகக் குறைவு என்பது பல காலமாக என்னை உறுத்தி வருகிறது.

கதையின் பொது விபரம் வாசகர்கள் அறிந்ததே, சுருக்கமாகச் சொல்கிறேன். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கு. அதில் 5,25,000 பேரை இந்தியா எடுப்பது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது, மீதி 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. அந்த மீதியையும் 1974இல் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். பங்கிடப்பட்டவர்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. விண்ணப்பம் கோரியபோது இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டவர்களின் தொகை ஒதுக்கப்பட்டதை வெகுவாக விஞ்சியது; இந்தியாவுக்கு விண்ணப்பித்தவர்களோ ஒதுக்கப்பட்ட தொகையை எட்டவில்லை. கேட்காத கேள்விக்குச் சனங்கள் கொடுத்த பதில் என்று அதைக் கொள்ளலாம்.

என் பெரியப்பா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவர். கலஹா பக்கத்துத் தோட்டம். எழுதியபோது அவருக்குப் போகும் எண்ணம் அவ்வளவாக இருக்கவில்லை; ஏதாவதொரு நாட்டின் கடதாசி கையில் இருக்கட்டும் என்பதே நோக்கம் என்று அம்மா சொல்வார். பிறகு 1973, 74இல் தோட்டங்களைப் பஞ்சம் வாட்டியது. 1977இல் கலவரம். 1979இல் அவர்கள் புறப்பட்டார்கள். மூத்த அக்காவை அதற்கு முந்திய வருடம் இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்த குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தபடியால் அவள் இங்கேயே தங்க வேண்டியதாயிற்று. ஒரே லயத்தில் அண்ணன் இந்தியன், தம்பி இலங்கையன் என்று ஆன வீடுகள் ஏராளம். எங்கள் வீடு அவற்றில் ஒன்று.

கண்டிப் புகையிரத நிலையத்துக்கு நானும் போயிருந்தேன். எனக்குப் பத்து வயது. மேடை முழுவதும் றங்குப் பெட்டிகளும் சாக்கு மூட்டைகளும். பெட்டிகளில் வெள்ளைச் சாயத்தால் பெயரும் போகும் ஊரும் எழுதப்பட்டிருந்தன. வண்டி அசைந்ததும் எழுந்த ஓலத்தை நான் எழுதப் போவதில்லை. மலையகத்தில் அந்த வண்டிகளுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வந்ததே போதுமான விவரணை. அக்கா யன்னல் கம்பியைப் பிடித்தபடி மேடை முடியும் மட்டும் ஓடினாள் என்பதை மட்டும் பதிந்து வைக்கிறேன்.

பொல்கஹவெல சந்தியில் வடக்கே போகும் இரவு வண்டிக்கு மாறி, அநுராதபுரம், மதவாச்சி, மன்னார் கடந்து விடியும் வேளையில் தலைமன்னார்த் துறை. அதற்குப் பிறகு நடந்ததை இருபத்தைந்து வருடங்கள் கழித்துத்தான் அறிந்தேன். 2004இல் பத்திரிகை வேலையாகத் தமிழ்நாடு சென்றவன் நீலகிரிக்கு ஏறி, பந்தலூர்ப் பக்கத்தில் பெரியம்மாவைக் கண்டுபிடித்தேன். அரசின் தேயிலைத் தோட்டக் கழகத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்திருந்தார். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்கென்று 1968இல் தொடங்கிய திட்டத்தின் வழி வந்த தோட்டங்கள் அவை. அக்கா கொடுத்தனுப்பிய தேயிலைப் பொட்டலத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "கலஹாத் தூள்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அன்று மாலை கப்பலைப் பற்றிக் கேட்டேன்.

முதலில் அவர் சொன்னது கடலைப் பற்றி. நாற்பது வயதுவரை இந்தத் தீவில் வாழ்ந்தவர், தலைமன்னாரில்தான் முதன்முதலாகக் கடலைக் கண்டிருக்கிறார். அவர் மட்டுமல்லர், வரிசையில் நின்ற பெரும்பாலோரும் அப்படித்தான். சுற்றிவரக் கடல் உள்ள நாட்டில் மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்து, நாட்டைவிட்டுப் போகிற அன்றைக்குத்தான் கடலைக் காண்பது என்பதை யோசித்துப் பாருங்கள். "கள்ளத்தோணி" என்று தெருவில் ஏசப்பட்டவர்கள் இவர்கள். தோணி எப்படியிருக்கும் என்றே அறியாதவர்கள்.

பகலில் பெரும்பகுதி கப்பலில் ஏறுவதற்கு முன்பே போய்விட்டது. கடவுச்சீட்டு, மூட்டை முடிச்சு, நகை எல்லாவற்றையும் சோதித்தார்கள். பெரியம்மாவின் சாக்கைப் பிரித்த அதிகாரி உள்ளே அம்மிக்குழவியைக் கண்டு சிரித்தாராம். இந்தியாவில் கல் இல்லையா என்று கேட்டிருக்கிறார். "கல்லு இருக்கும் ஐயா, இந்தக் கல்லு இருக்குமா" என்று பெரியம்மா கேட்டதும் ஒன்றும் பேசாமல் சாக்கைக் கட்டிக் கொடுத்துவிட்டார். குழவி நீலகிரி வீட்டில் இருந்தது. நானும் தூக்கிப் பார்த்தேன். அம்மி பாரம் என்று கலஹாவிலேயே விடப்பட்டது. அது இன்றும் அக்கா வீட்டுப் பின்புறத்தில் கிடக்கிறது.

கப்பலில் அவர் கடலைப் பார்க்கவில்லை. தளம் அசையத் தொடங்கியதும் தலை சுற்றியது. றங்குப் பெட்டியில் தலையைச் சாய்த்து, எலுமிச்சங்காயை முகர்ந்தபடி படுத்துவிட்டார். சுற்றிலும் பெண்கள் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ரொட்டியும் சம்பலும் நீட்டினார்கள், தின்பார் இல்லை. பிள்ளைகளுக்கு மட்டும் அது திருவிழாவாக இருந்திருக்கிறது. மேலும் கீழும் ஓடி, கப்பலின் ஊதல் கேட்கும்போதெல்லாம் பதிலுக்குக் கத்தியிருக்கிறார்கள். ஒப்பாரி வைத்தார்களா என்று கேட்டேன். இல்லையாம். கோச்சியில் அழுதவர்கள் கப்பலில் அழவில்லை. கோச்சியில் அழுதால் கேட்பதற்கு மேடையில் ஆட்கள் இருந்தார்கள், கப்பலில் யாருக்கு அழுவது என்று கேட்டார் பெரியம்மா. நான் இத்தனை வருடம் பத்திரிகையில் வாசித்த எந்தக் கட்டுரையிலும் இந்த ஒரு தகவல் இல்லை.

பெரியப்பா மேல்தளத்திலேயே நின்றாராம். தலைமன்னார் வெளிச்சவீடு மறையும்வரை அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர், மறைந்ததும் எதிர்ப்பக்கம் போய் நின்றிருக்கிறார். எதிரே இராமேஸ்வரத்துக் கோபுரம் தெரிந்தபோது பக்கத்தில் நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இவர் கும்பிடவில்லை. ஏன் என்று பெரியம்மா கேட்டதற்கு, இறங்கின பிறகு கும்பிடலாம் என்றாராம். இறங்கின பிறகு மண்டபம் முகாம், குடும்ப அட்டை, வேலைக்கான வரிசை. இங்கே இந்தியாக்காரர் என்று சொல்லப்பட்டவர்கள் அங்கே சிலோன்காரர் ஆனார்கள். கோயிலுக்குப் போக அவருக்கு வாய்க்கவேயில்லை.

இவ்விடத்தில் இன்னொரு கப்பலைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கண்டியிலிருந்து தமிழ்நாட்டுக்குக் கடல் வழியாக அனுப்பப்பட்டவர்களில் மிகப் பிரபலமானவர் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். 1815 பெப்ரவரியில் பிடிபட்ட அவரை, 1816 ஜனவரி 24ஆம் திகதி கொழும்பில் கோர்ன்வாலிஸ் என்ற போர்க்கப்பலில் ஏற்றினார்கள். பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டது அந்தக் கப்பல். வடகீழ்ப் பருவக்காற்று எதிரே வீசியபடியால் சென்னை போய்ச் சேர ஏறக்குறைய ஒரு மாதம் பிடித்தது. பின்பு வேலூர்க் கோட்டையில் சிறை. 1832 ஜனவரி 30இல் அங்கேயே மரணம். மன்னருடன் சென்ற வில்லியம் கிரன்வில் என்ற ஆங்கிலேய அதிகாரி கப்பல் நாட்களைக் குறிப்பாக எழுதி வைத்தார். ஆகவே இருநூறு ஆண்டுகள் கழித்தும் கண்டி மன்னரின் கடல் நாட்களை நாம் வாசிக்கலாம்.

இராமானுஜத்தில் கிரன்வில்கள் இல்லை. ஒப்பந்தத்தின் கீழ் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்த நீரிணையைக் கடந்தார்கள். பத்திரிகைகளில் தொகை வந்தது. இந்த வருடம் இத்தனை பேர், ஒதுக்கீட்டில் இன்னும் பாக்கி இத்தனை பேர் என்று. நூலகத்தில் பழைய தாள்களைப் புரட்டும்போது அது தேயிலை ஏற்றுமதிக் கணக்கைப் போலவே இருக்கிறது. ஒப்பாரிக் கோச்சி இலக்கியத்தில் ஏறிவிட்டது. நமது எழுத்தாளர்கள் மேடையில் நின்று வழியனுப்பியவர்கள் ஆதலால் வண்டி அவர்களுக்குத் தெரியும். நீலகிரி வாழ்க்கையையும் சிலர் எழுதினார்கள். இரண்டு கரைக்கும் நடுவிலுள்ள பகலை எழுத இரண்டு பக்கத்திலும் ஆளில்லாமற் போயிற்று. அப்போது கப்பலில் நாற்பது வயதாயிருந்தவர்கள் இப்போது எண்பதைத் தாண்டியிருப்பார்கள். எலுமிச்சங்காய், அம்மிக்குழவி, பிள்ளைகளின் கூச்சல் ஆகியவையெல்லாம் அவர்களோடு போய்விடும். யாராவது ஓர் இளம் நிருபர் ஒலிப்பதிவுக் கருவியுடன் கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் போவாரானால் நான் முகவரி தருகிறேன்.

1984இல் போர்ச் சூழலால் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தம் முறைக்காகக் காத்திருந்த பல்லாயிரம் பேர் இங்கேயே நின்றுபோனார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தபோது அவர்கள் இலங்கைப் பிரஜைகளானார்கள். கப்பல் வராததால் நாடு கிடைத்தவர்கள் என்று உலகத்தில் வேறெங்காவது உண்டோ தெரியாது. ஆனால் அதே காரணத்தால் எங்கள் அக்கா தாயைக் காண முடியாமற் போனாள். கப்பல் காசுக்குப் போய்வரலாம் என்ற நம்பிக்கையில் பிரிந்தவர்கள் அவர்கள். விமானச் சீட்டு தோட்டத்துச் சம்பளத்துக்கு எட்டுவதன்று. பெரியப்பா 1991இல் இறந்த செய்தி கடிதத்தில் வந்தது. பெரியம்மா 2011இல் போனார். அது தொலைபேசியில் வந்தது.

தலைமன்னார்த் துறைக்கு 2023 ஜூலையில் போனேன். மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டு நிறைவையொட்டி, முன்னோர் நடந்த வழியே மாத்தளை வரை ஒரு நடைபவனி 28ஆம் திகதி அங்கிருந்து புறப்பட்டது. போரில் அழிந்த புகையிரதப் பாதை திருத்தப்பட்டு 2015 மார்ச்சில் திறக்கப்பட்டதால் வண்டி இப்போது துறைவரை போகிறது. நடக்க வந்திருந்த இளைஞர்கள் உற்சாகமாகக் கோஷமிட்டுக்கொண்டிருந்தார்கள். வந்த வழியை நினைவுகூர ஓர் ஊர்வலம் இருக்கிறது. அதே துறையில் ஏறிப் போனவர்களுக்கு நான் பார்த்தவரையில் ஒரு பலகைகூட இல்லை.

அதே ஆண்டு ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் தொடங்கியது. சில நாட்களில் நின்று, 2024 ஓகஸ்டில் சிவகங்கை என்ற கப்பலுடன் மீண்டும் ஆரம்பமாயிற்று. சுமார் நான்கு மணி நேரப் பயணம். அந்தச் செய்தியை அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தவள், கடவுச்சீட்டு எடுக்க எவ்வளவு நாள் பிடிக்கும் என்று விசாரித்தாள். நீலகிரியில் இருக்கும் தம்பியின் பிள்ளைகளை அவள் கண்டதில்லை. பிறகு, பாரமான சாமான் ஏற்ற விடுவார்களா என்று கேட்டாள். எத்தனை கிலோ என்றேன்.

"அம்மிதான்" என்றாள்.