மலையேற்றமும் புகைக்கரியும்

தோட்டத்துப் பேறுகாலப் பெண்களை நள்ளிரவிலும் நுவரெலியா வைத்தியசாலைக்குச் சுமந்து சென்ற எமது டீசல் மோட்டார் வண்டி, சென்ற மாரியில் வலுவிழந்தது. தலவாக்கலைக்கு அப்பால் ஏற்றம் தொடங்கியதும் கரும்புகை கக்கி ஊரலாயிற்று. அடுத்த அழைப்பு எப்போது வருமோ என்று அஞ்சியிருந்தோம்.

ஒரு கராச்சில், டேர்போவையே மாற்றவேண்டும் என்றனர். ஹற்றனில் முதிய மெக்கானிக் ஒருவரோ, "முதலிற் கழற்றிப் பார்ப்போம், ஐயா" என்றார்.

வெளியேறும் புகையின் விசையாற் சுழன்று எஞ்சினுக்குக் காற்றை அமுக்கி ஊட்டுவது டேர்போ. சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூச்சி 1905இல் இதற்கு உரிமம் பெற்றார். கல்லூரி ஆய்வுகூடத்தில் அடர்த்தி பயின்ற அன்பர் அறிவர்: 6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவிலே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தினும் ஏறக்குறைய ஆறிலொரு பங்கு குறைவு. மலைநாட்டாருக்கு டேர்போ ஆடம்பரமன்று.

திறந்தபோது, புகையை நெறிப்படுத்தும் சிறு தகடுகள் கரியில் இறுகி அசைவற்றுக் கிடந்தன. தொழிற்சாலைக்கும் கடைத்தெருவுக்குமாக மெல்ல ஊரும் வண்டியிற் புகை போதிய சூடேறாது. கரி எரியாமற் படிந்துவிடும். அவர் தகடுகளைக் கரிநீக்கும் திரவத்தில் ஊறவைத்து, மென்தூரிகையால் துடைத்தார். சுழலியை மட்டும் சுரண்ட விடவில்லை. நிமிடத்துக்கு இலட்சம் முறைக்கு மேற் சுழலும் அதன் சமநிலை மயிரிழையும் பிசகலாகாதாம்.

மறுநாள் நானுஓயா ஏற்றத்தை மூன்றாம் கியரிலேயே கடந்தோம். இப்பொழுது கிழமைக்கொரு முறை கினிகத்தேனை வரை இறங்கி, எஞ்சின் நன்கு சூடேறும்படி விரைந்து ஏறி வருகிறோம். டீசல் விலையை எண்ணி இல்லாள் முணுமுணுப்பது வேறு கதை.