கழற்றத் தெரிந்த கை

"பலூன் ஊதினா உதடு அரிக்குமா கண்ணு?"

நீள முடி ஒட்டிக்கொள்ள வந்த கல்யாணப் பெண்ணிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். நீளம், நிறம், விலை என்று பேச்சு தொடங்கும் என்று நினைத்து வந்திருப்பார், திருதிருவென்று விழித்தார். கேள்விகள் நிற்கவில்லை. வாழைப்பழமோ பப்பாளியோ சாப்பிட்டால் வாய் ஊறலெடுக்குமா? ரப்பர் கையுறை பட்டால் தடிக்குமா? தைராய்டு மாத்திரை உண்டா? தலைக்கு எத்தனை நாளுக்கு ஒருதரம் எண்ணெய்? கடைசிக் கேள்விக்குப் பெண்ணின் அம்மா முந்திக்கொண்டார். "வெள்ளிக்கிழமை தவறாம எண்ணெய் தேச்சுக் குளிப்பா."

"அப்ப டேப் வேணாம்" என்றார் கேள்வி கேட்ட மருமகள்.

சாலிகிராமத்தில், ஏவிஎம் ஸ்டுடியோவிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறது அந்த மாடி வீடு. முன்னறையில் ஒரு சுழல் நாற்காலி, ஆளுயரக் கண்ணாடி, சுவரில் முடிக்கொத்துகள் தொங்கும் கம்பி. மாமியார் சினிமாவில் ஹேர் டிரஸ்ஸராக இருந்து ஓய்ந்தவர். மருமகள் எக்ஸ்டென்ஷன் வேலையை முறையாகப் பயின்று வீட்டிலேயே செய்கிறார். இருவரும் பெயர் வேண்டாம் என்றார்கள். முடி ஒட்டிக்கொண்டதை வெளியே சொல்லாத வாடிக்கையாளர்கள். ஒட்டியவர் பெயர் தெரிந்தால் ஒட்டிக்கொண்டவர் யாரென்று தேடுவார்களாம்.

பலூன் கேள்விக்குக் காரணம் அலமாரியில் பூட்டிவைத்திருக்கும் சின்ன பாட்டில். உள்ளே பால்போலப் பசை. ரப்பர் மரத்துப் பாலிலிருந்து வருவது. அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் முடிச்சரங்களை வீட்டிலேயே ஒட்டிக்கொள்ள வெகுகாலமாகப் புழங்கும் சரக்கு. விலை மலிவு, சூடு வேண்டாம், காய்ந்தால் பிடித்துக்கொள்ளும். ஆனால் ரப்பர் பாலில் உள்ள புரதம் சிலர் உடம்புக்கு ஆகாது. அப்படிப்பட்டவர்களில் சிலருக்கு வாழைப்பழம், பப்பாளி, கிவி, வெண்ணெய்ப்பழம் ஆகியவையும் ஒத்துக்கொள்வதில்லை. தலையில் இந்தப் பசை தடவிய சிறிது நேரத்தில் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போனவர்களின் விவரம் மருத்துவ இதழ்களிலேயே பதிவாகியிருக்கிறது. அரிப்பு எதுவும் இல்லையென்று வாடிக்கையாளர் சத்தியம் செய்தாலும் மருமகள் அந்தப் பாட்டிலைத் திறப்பதில்லை. "பசங்களுக்குக் காட்டுறதுக்குத்தாம்மா வச்சிருக்கேன்" என்றார். பசங்கள் என்றால் அவரிடம் வேலை பழக வரும் பெண்கள்.

மாமியாருக்குப் பசை என்றாலே ஆகாது. அவர் காலத்தில் படப்பிடிப்பில் இருந்தது ஸ்பிரிட் கம். மரப்பிசினை ஸ்பிரிட்டில் கரைத்த கலவை. ஒட்டுமீசை, தாடி, டோப்பாவின் நெற்றிவலை எல்லாம் அதில்தான் நின்றன. விளக்குச் சூட்டில் வேர்த்து ஓரம் கிளம்பும், மறுபடி தடவுவார்கள், சாயங்காலம் பிய்த்தெடுக்கும்போது நெற்றித் தோல் சிவந்துபோகும். "நெத்தியில கம் தடவுறது மேக்கப்மேன். பின்னு குத்துறது நான். நாங்க முடியைத்தான் தொடலாம், மூஞ்சியைத் தொடக்கூடாது. சங்கத்துச் சட்டம் அப்படி." மேக்கப் ஆணுக்கு, தலைவாரல் பெண்ணுக்கு என்று சினிமாத் தொழிலில் எழுதாத கோடாகவும் எழுதிய விதியாகவும் இருந்தது இது. மும்பைச் சங்கம் மேக்கப் கலைஞராக உறுப்பினர் அட்டை தர மறுத்ததை எதிர்த்து சாரு குரானா தொடுத்த வழக்கில், 2014 நவம்பரில்தான் உச்ச நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. அதற்குள் மாமியாருக்கு வயதாகிவிட்டது. இப்போதும் அவர் கட்சி ஒன்றுதான்: ஒரு முகூர்த்தத்துக்குச் சவுரி போதும். பின்னலுக்குள் வைத்துக் கட்டி, ஊசி குத்தி, பூ சுற்றினால் யாருக்குத் தெரியப்போகிறது?

கல்யாணப் பெண்ணுக்கு அது பிடிக்கவில்லை. வரவேற்புக்கு முடியை விரித்துவிட வேண்டும். அதற்கப்புறமும் இரண்டு மாதம் இருக்க வேண்டும். சவுரியில் அது நடக்காது. மாமியார் உதட்டைப் பிதுக்கிவிட்டு உள்ளே போனார்.

பசைக்கு முன்னால் முடியைப் பார்க்க வேண்டும். மருமகள் என் கையில் ஓர் இழையைக் கொடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே வைத்து நீளவாக்கில் முன்னும் பின்னும் தேய்க்கச் சொன்னார். முடி தானாக ஒரு பக்கமாக நகர்ந்து போனது. எந்த நுனி முன்னே போகிறதோ அதுதான் வேர்ப்பக்கம். முடியின் மேல்செதில்கள் நுனி நோக்கிப் படிந்திருப்பதால் இப்படி. மொட்டையடித்த முடியில் எல்லா இழையும் ஒரே திசையில் கிடக்கும். திருப்பதி, திருத்தணி, பழனி முடிக்கு உலகச் சந்தையில் மவுசு அதனால்தான். சீப்பில் வருகிற முடியை வீட்டுவாசலில் பாத்திரத்துக்கும் ஊசிபாசிக்கும் வாங்கிப்போகிறார்களே, அதில் வேரும் நுனியும் கலந்துவிடும். செதிலும் செதிலும் கொக்கி போட்டுச் சிக்காகும். சிக்கு வராமலிருக்க அமிலத்தில் முக்கிச் செதிலை அரித்துவிட்டு, சிலிக்கோன் பூசிப் பளபளப்பாக்கி விற்கிறார்கள். இங்கிருந்து முடி கணக்கில் வராமல் வெளியே போவதாகத் தொழில்துறையினர் புகார் செய்துவந்த நிலையில், 2022 ஜனவரியில் மத்திய அரசு ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. அதெல்லாம் பெரிய இடத்துச் சமாச்சாரம். இந்த முன்னறைக்கு வேண்டியது வேறு. சிலிக்கோன் பூசிய முடியில் பசை பிடிக்காது. வாடிக்கையாளர் தலையில் கண்டிஷனர் படிந்திருந்தாலும் அதே கதைதான். அதனால்தான் ஒட்டும் நாளன்று கண்டிஷனர் இல்லாமல் வெறும் ஷாம்பு போட்டு அலசி, ஈரமில்லாமல் காயவைத்துவிட்டுத்தான் உட்கார வைக்கிறார்.

டேப் என்பது இருபக்கமும் ஒட்டும் அக்ரிலிக் பட்டை. விரலகல முடிச்சரத்தை மேலே ஒன்று, கீழே ஒன்று வைத்து, நடுவே வாடிக்கையாளரின் முடியை மெல்லிய வரியாக எடுத்து அழுத்துவார்கள். வேலை சீக்கிரம் முடியும், சூடு கிடையாது, கழற்றுவதும் எளிது. ஒட்டியபின் இரண்டு நாள் தண்ணீர் படக்கூடாது. இதற்குப் பெரிய எதிரி எண்ணெய். சென்னை வேர்வையில் முதலில் கிளம்புவது பிடரிப் பக்கம்; அதன்மேல் வெள்ளிக்கிழமை நல்லெண்ணெயும் இறங்கினால் பட்டை வழுக்கிக்கொண்டு வந்துவிடும். ஆகவே அந்த அம்மாவின் பதிலே டேப்பைத் தள்ளுபடி செய்துவிட்டது. வெளிநாட்டு விளம்பரத்தைப் பார்த்து எண்ணெய்த் தலைக்கு டேப் வாங்குகிறவர்கள் இதை ஒருதரமாவது யோசிக்கலாம்.

மிச்சமிருந்தது கெரட்டின் முனை. பெயர் கெரட்டின், முடியும் நகமும் ஆன அதே புரதத்தின் பெயர். ஆனால் கடையில் அந்தப் பெயரில் வருவதில் பெரும்பாலானவற்றில் இருப்பது சூட்டில் உருகி ஆறினால் இறுகும் பிளாஸ்டிக், நைலான் குடும்பத்தது. மருமகள் இதை மறைப்பதில்லை. "பேரு அவங்க வைக்கிறது. உருகுதா, இறுகுதா, மறுபடி உடையுதா, அதைத்தான் நான் பாப்பேன்."

அவர் ஒட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வால்சீப்பின் முனையால் ஒரு சிறு கட்டம் வகிர்ந்து முடியை எடுக்கிறார். நடுவில் கீறல் விட்ட வட்டத் தகட்டை அதன் அடியில் சொருகுகிறார். சூடு தலையில் படாமலிருக்கவும், பக்கத்து முடி வந்து மாட்டாமலிருக்கவும். தலைத்தோலிலிருந்து அரை சென்டிமீட்டருக்குக் குறையாமல் இடம் விட்டு முனையை வைக்கிறார். ஏறக்குறைய 180 டிகிரியில் இருக்கும் இடுக்கி சில நொடி கவ்வுகிறது. இடுக்கியை எடுத்ததும், ஆறுவதற்குள் விரல்களுக்கு நடுவே வைத்து உருட்டுகிறார். கையெடுத்தால் அங்கே ஓர் அரிசிமணி. கொத்தைப் பிடித்து மெல்ல இழுத்து, பெண்ணின் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கிறார். புருவம் சுருங்கினால் அதை அப்போதே உடைத்துவிட்டு மறுபடி ஒட்டுகிறார். ஒரு கொத்து ஒரு கிராம்கூடத் தேறாது. தலை முழுக்க என்றால் 100, 150 கொத்து. அவருடைய விரல்நுனிகள் வழவழவென்று தேய்ந்திருக்கின்றன. வங்கியில் கைரேகை வைக்கப் போனால் எந்திரம் ஏற்பதில்லையாம்.

கட்டத்து முடியின் கனமும் ஒட்டும் கொத்தின் கனமும் சமமாக இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் முதல் கணக்கு. மெல்லிய முடியில் கனத்த கொத்தைத் தொங்கவிட்டால் வேர் இழுபட்டு, நாளடைவில் அந்த இடமே வழுக்கையாகிவிடும். இழுத்துக் கட்டுவதால் வரும் முடியிழப்பை 1907-லேயே கிரீன்லாந்துப் பெண்களிடம் கண்டு எழுதியிருக்கிறார்கள். இறுக்கிக் கட்டிய கொண்டைதான் காரணம். மாமியாருக்கு இந்தச் சேதியைச் சொன்னேன். "எங்க பரதநாட்டியப் பொண்ணுங்களைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்களே" என்றார்.

இன்னொரு நாள் கழற்றும் வேலை. வந்தவர் ஓஎம்ஆரில் வேலை பார்க்கும் பெண். இணையத்தில் கெரட்டின் முனைக் கொத்துகளை வாங்கியிருக்கிறார், இடுக்கி வாங்கவில்லை. அறைத்தோழி நகம் ஒட்டும் பசையால் ஒட்டிவிட்டிருக்கிறார். நகப் பசை என்பது சயனோஅக்ரிலேட். கடையில் கிடைக்கும் சூப்பர் குளூவின் அதே இனம். காற்றின் ஈரத்தில் இறுகுவது அதன் குணம். சென்னையில் ஈரத்துக்குப் பஞ்சமா? நொடியில் கல்லாகிவிட்டது. முடி வளையும், அந்தக் கல் வளையாது. வளைகிற இடமும் வளையாத இடமும் சேரும் ஓரத்தில் முடி ஒவ்வொன்றாக ஒடிந்துகொண்டிருந்தது. சில இடங்களில் பசை தலைத்தோல்வரை வழிந்து புண்ணாகியிருந்தது. "புண்ணு ஆறட்டும், முதல்ல டாக்டரைப் பாரு" என்று முன்பே ஒருமுறை திருப்பி அனுப்பியிருக்கிறார் மருமகள்.

கழற்றும் நாளில் அந்த வீட்டில் வேலை முடியும்வரை சாமி விளக்கு ஏற்றுவதில்லை. அசிட்டோன் ஆவி தீப்பிடிக்கும். அடுப்பு அணைத்து, சன்னல் மூன்றும் திறந்து, மின்விசிறியை வெளிப்பக்கம் திருப்பிவைத்துவிட்டுத்தான் பாட்டிலைத் திறக்கிறார்கள். ஒழுங்காக ஒட்டிய கெரட்டின் முனைக்கு அதற்கென்ற கரைப்பானை இரண்டு சொட்டு விட்டு, குறடால் நசுக்கினால் பொடிந்து உதிரும். நகப் பசை அப்படிப் பொடியாது. தோலில் வாசலின் பூசி, பஞ்சில் அசிட்டோனைத் தொட்டு முடிச்சில் மட்டும் வைத்துக் கவ்வி, ஊறவிட்டு, குண்டூசியால் நெம்பி, மறுபடி ஊறவிட்டு. இரண்டு பெண்களும் இருபக்கமும் நின்று காலையில் தொடங்கிய வேலை விளக்கு வைக்கும் நேரத்தில்தான் முடிந்தது. தலைவலிக்கு நடுவில் இரண்டு முறை மொட்டை மாடிக்குப் போய்க் காற்று வாங்கிவிட்டு வந்தார் மருமகள்.

மடியில் குவிந்த முடியைப் பார்த்து அந்தப் பெண் அழத் தொடங்கினார். மாமியார் அதில் ஒரு கொத்தை எடுத்துக் கறுப்புத் துணிமேல் பரப்பினார். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு ஒவ்வோர் இழையாகப் பிரித்தார். நுனியில் வெள்ளைப் பொட்டு இருந்தால் அது தானாக உதிர்ந்த முடி. நாளுக்கு 50 முதல் 100 வரை எல்லோருக்கும் உதிரும், ஒட்டு முடிச்சில் மாட்டி விழாமல் இத்தனை நாள் தங்கியிருந்தது, அவ்வளவுதான். பொட்டு இல்லாமல் மொட்டையாக இருந்தால் ஒடிந்தது. இரண்டையும் இரண்டு குவியலாக்கிக் காட்டினார். பொட்டுக் குவியல் பெரிதாக இருந்தது. "இது போகவேண்டியதுதான் கண்ணு. இது மட்டும்தான் நட்டம்." பசையை நம்பாத அந்தக் கைதான் அன்றைக்கு அழுகையை நிறுத்தியது.

ஒட்டுவதற்குக் கணிசமாகக் கூலி வாங்குகிறார்கள். கழற்றுவதற்குக் கேட்டால் வாடிக்கையாளர் முகம் மாறுகிறது. "எடுக்கிறதுக்குமா காசு?" இந்தக் கேள்வியைத் தவிர்க்கவே பல இடங்களில் கழற்றும் வேலையை எடுத்துக்கொள்வதில்லை, எடுத்துக்கொண்டாலும் வேலை பழகும் சின்னப் பெண்ணிடம் குறடைக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கென்னவோ கூலியை இரண்டாகப் பிரித்து, கழற்றுவதற்கே பெரிய பங்கை வைக்கவேண்டும் என்று தோன்றுகிறது. ஒட்டுவதைப் படம் பார்த்துக்கூடப் பழகிவிடலாம்.

வீட்டிலேயே செய்துகொள்ள நினைப்பவர்களுக்கு இந்த இருவரும் சொன்னதைச் சேர்த்துத் தருகிறேன். ஒரு நாள் விசேஷத்துக்கு ஒட்டாதீர்கள். சவுரியோ கிளிப் வைத்த முடியோ போதும். பிள்ளை பெற்று முடி கொட்டும் மாதங்களிலும், கீமோ சிகிச்சைக்குப் பின் முடி புதிதாக முளைக்கும்போதும் எந்தப் பசையும் வேண்டாம். டேப் என்றால் துணைக்கு ஒருவர் வேண்டும். பிடரியை நீங்களே பார்த்து ஒட்ட முடியாது. எந்தப் பசையானாலும் முழங்கை மடிப்பில் சிறிது தடவி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். அதற்கான கரைப்பான் எது என்று உறையில் போடாத பசையை வாங்காதீர்கள். கரைப்பானையும் சேர்த்தே வாங்குங்கள். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், டேப்பை ஆறு முதல் எட்டு வாரத்திலும் கெரட்டின் முனையை மூன்று, நான்கு மாதத்திலும் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். ஒட்டிய இடத்தில் வலி இரண்டாம் நாளும் இருந்தால் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே கழற்றச் சொல்லுங்கள், கொப்புளமோ வீக்கமோ தெரிந்தால் நேரே தோல் மருத்துவரிடம் போங்கள்.