தரையைத் தொடும் ஆசை

லாஸ் ஏஞ்சலஸில் பழைய வண்டியைத் தாழ்த்தி ஓட்டுவது பணக்காரப் பொழுதுபோக்காகத் தொடங்கியதல்ல. மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் டிக்கியில் மணல் மூட்டையை ஏற்றித் தாழ்த்தினார்கள், ஸ்பிரிங்கை வெட்டினார்கள். சக்கர ரிம்முக்குக் கீழே வண்டியின் பாகம் எதுவும் இறங்கக்கூடாது என்று கலிபோர்னியாவில் 1958-இல் சட்டமே வந்தது. அடுத்த வருஷமே ஒருவர் ஹைட்ராலிக் பம்ப் மாட்டி, வேண்டியபோது ஏற்றி இறக்கிக்கொண்டார்!

பக்கத்து வீட்டுக்காரரின் 1970 செவ்ரோலெட் சி10 பிக்கப்பில் அதே ஆசையைப் பார்க்கிறேன். கையில் காசு கம்மி. முன்பக்க ஸ்பிரிங்கைக் கழற்றி, அரைச் சுற்று மட்டும் கட்டிங் வீலால் அறுத்தார். கேஸ் கட்டிங் வேண்டாம், சூடு பட்டால் ஸ்பிரிங்கின் உறுதி போய்விடும் என்றார். கழற்றும்போது அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து என்பதால், ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரஸரை மட்டும் நல்லதாக வாங்கியிருந்தார்.

ஸ்பிரிங் குட்டையானால் விறைப்பு கூடும், மேலும் கீழும் அசைய இடம் குறையும். பழைய ஷாக் அப்சார்பரையே விட்டுவைத்தால் ஒவ்வொரு பள்ளத்தையும் முதுகெலும்பு எண்ணும். வீல் அலைன்மென்ட் பார்க்காவிட்டால் டயரின் உள்விளிம்பு தேய்ந்துபோகும். மிச்சம் பிடித்த காசையெல்லாம் அந்த இரண்டுக்குமே செலவழித்தார்.

சிக்கனம் என்றால் இதுதான். அழகில் எவ்வளவு வேண்டுமானாலும் மிச்சம் பிடியுங்கள். ஷாக், பிரேக், டயரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம் நண்பர்களே.