அண்ணி கொண்டுபோன கருவாட்டுக் குழம்பு

1987-ல் ஒகேனக்கல் இறக்கத்தில் ஒரு டெம்போ கவிழ்ந்தது. அதில் வந்த என் அண்ணனுக்கும் அவருடைய கூட்டாளிக்கும் கிட்டத்தட்ட ஒரே அடி. இருவருக்கும் தொடை எலும்பு முறிந்து வெளியே தெரிந்தது, புண்ணெல்லாம் மண். ஒரே வண்டியில் ஏற்றி, ஒரே ஆஸ்பத்திரியில், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டார்கள். அதே ஊசி, அதே மருந்து. கூட்டாளி மூன்று மாதத்தில் கம்பு ஊன்றி வீடு வந்தார். அண்ணனுக்கு ஆறாம் நாள் குளிர்காய்ச்சல் கண்டது. மூச்சு வாங்கியது, சம்பந்தமில்லாமல் பேசினார், சிறுநீர் குறைந்துபோனது. ஒன்பதாம் நாள் முடிந்துவிட்டது. வயது 39.

ஐந்தாம் நாள் அண்ணி வீட்டிலிருந்து கருவாட்டுக் குழம்பு கொண்டுபோயிருந்தார். அண்ணன்தான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். புண்ணுக்குக் கருவாடு ஆகாது என்று நம் பக்கம் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். காரியம் முடிவதற்குள் "குழம்பு ஊத்தியே கொன்னுட்டா" என்று பேச்சு கிளம்பிவிட்டது. நான் அப்படிச் சொல்லவில்லை. மறுத்துப் பேசவும் இல்லை. உள்ளுக்குள் நம்பினேன்.

போன மாதம் மகள் வயிற்றுப் பேரன் வந்திருந்தான். டாக்டருக்கு மேல்படிப்பு படிக்கிறான். பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். குழம்பை அவன் கண்டுகொள்ளவே இல்லை. "கொள்ளுத் தாத்தா எப்படிப் போனார்?" என்று கேட்டான். 44 வயதில் காலில் முள் ஏறி, கால் வீங்கி, ஒரு வாரக் காய்ச்சலில் போனார் என்றேன். இரண்டு சாவையும் சேர்த்துப் பார்க்க எங்கள் யாருக்கும் தோன்றியதில்லை.

அது செப்சிஸாக இருந்திருக்கும் என்றான். கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு, கட்டுமீறித் தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்வது. கிருமியை அடையாளம் காண நம் அணுக்களில் டிஎல்ஆர்4 என்று ஒரு காவல்காரன் உண்டாம். அவன் குரல் கொடுத்தால் டிஎன்எஃப் போன்ற பொருள்கள் சுரந்து சண்டை தொடங்கும். இவற்றுக்கான மரபணுவில் ஒரு எழுத்து ஆளுக்கு ஆள் மாறியிருக்கும். அமெரிக்காவில் டெக்ஸாஸில் தீக்காயம் பட்ட 159 பேரைப் பார்த்து 2004-ல் எழுதினார்கள். டிஎல்ஆர்4-ல் ஒரு குறிப்பிட்ட மாற்றம் உள்ளவர்களுக்குக் கடும் செப்சிஸ் வரும் ஆபத்து 1.8 மடங்காவது கூடுதலாக இருந்ததாம்.

எனக்கு நன்றாகப் புரிந்தது டென்மார்க் கணக்குதான். தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு, 1988-ல் வந்தது. பெற்றவர் 50 வயதுக்குள் தொற்றுநோயில் இறந்திருந்தால், வேறு வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கும் தொற்றில் சாகும் ஆபத்து ஐந்து மடங்குக்கு மேல்! வளர்த்தவர் அப்படி இறந்திருந்தால் அந்த மாதிரி இல்லை. சாப்பாடு ஒரு வீட்டில், ரத்தம் இன்னொரு வீட்டில்.

"பரிசோதிக்காமல் பெரிய தாத்தாவுக்கு இந்த மரபணுதான் என்று சொல்ல மாட்டேன் தாத்தா. எல்லா ஆய்விலும் ஒரே முடிவும் வரவில்லை. புண்ணில் இருந்த மண்ணே போதும். ஆனால் கருவாடு இல்லை" என்றான்.

மறுநாள் அண்ணி வீட்டுக்குப் போனேன். திண்ணையில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், நான் நம்பியதையும் சேர்த்து. கை நிற்கவில்லை. "இப்பவாச்சும் சொன்னீங்களே தம்பி" என்பார் என்று நினைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"அப்ப எம் பையனுக்கும் அந்த ரத்தந்தானே?"

அவன் தினமும் தர்மபுரிக்குப் பைக்கில் போய் வருகிறவன். பேரனுக்கு அங்கிருந்தே போன் போட்டுக் கொடுத்தேன். விபத்தில் அடிபட்டால் முதல் 48 மணி நேரம் அரசு செலவில் சிகிச்சை என்று 2021-ல் திட்டம் வந்ததே, செப்சிஸ் பெரும்பாலும் அதற்கும் பிறகு, எல்லோரும் மூச்சு விட்ட பிறகுதான் வரும் என்றான். அடிபட்டுச் சேர்த்தால், அப்பாவும் தாத்தாவும் இப்படிப் போனவர்கள் என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நடுக்கம், மூச்சிரைப்பு, பிதற்றல், சிறுநீர் குறைவது, இதில் எது கண்டாலும் உடனே நர்ஸைக் கூப்பிட்டு "செப்சிஸா பாருங்க" என்று கேட்க வேண்டும்.

அந்தச் சொல்லை அண்ணி மூன்று தடவை என்னைச் சொல்ல வைத்தார். பிறகு மருமகளைக் கூப்பிட்டு, காலண்டர் அட்டையின் பின்னால் எழுதச் சொன்னார்.

அந்த வீட்டில் 1987-க்குப் பிறகு கருவாடு வாங்கியதில்லை என்று மருமகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.