மீன்கொத்தி என்று சொன்னவன் நான்

பறவையைப் பற்றி யாராவது கேட்டால் 'தெரியாது' என்று சொல்ல எனக்கு வராது. கிண்டிப் பூங்காவிலும் அடையாறு தியசாபிகல் சொசைட்டித் தோட்டத்திலும் பைனாகுலரோடு அலைபவன், சாலிம் அலி புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவன் என்று எங்கள் தெருவில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் எனக்கு ரொம்பவே பிடித்திருந்தது. அதைக் காப்பாற்றிக்கொள்வதற்காக, கண்ணால் பார்க்காத பறவைக்குக்கூடப் பெயர் சொல்லியிருக்கிறேன். அதில் ஒன்று இன்னும் உறுத்துகிறது.

ஐப்பசி மாதம். எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு மாமரமும் நாலைந்து வாழையும் உண்டு. தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரின் மகள் ஆறாம் வகுப்பு படிப்பவள். தேய்த்த துணியைக் கொடுக்க வந்தவள் கொல்லைப்பக்கம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஓடிவந்தாள்.

"சார், வாழைக்கிட்ட ஒரு குருவி. றெக்கையில நீலம். பறந்தா வெள்ளையா ஒரு திட்டு தெரியுது."

நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மீன்கொத்தி" என்றேன்.

"மீன்கொத்திக்கு மூக்கு நீளமா இருக்குமே சார்? இது தரையில தத்தித் தத்திப் போவுது. சருகைக் கிளறுது. வாலே இல்ல."

"குஞ்சா இருக்கும். மீன்கொத்திதான், எழுதிக்கோ."

வீட்டைச் சுற்றிப் பார்க்கும் பறவைகளை வரைந்துவரச் சொல்லியிருந்தார்கள் பள்ளியில். நான் எழுந்து பத்தடி நடந்திருந்தால் போதும். நடக்கவில்லை. எதிர்வீட்டு டாக்டரின் பையன் வந்து கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பேன். இதையும் சேர்த்துச் சொன்னால்தான் இது வாக்குமூலம்.

நான் விழுந்த குழி எது என்பது இப்போது தெளிவாகத் தெரிகிறது. நீலம், பறக்கையில் வெள்ளைத் திட்டு. இந்த இரண்டையும் கேட்டதும் சென்னைக்காரன் மனதில் வெண்மார்பு மீன்கொத்திதான் வந்து உட்காரும். அது தண்ணீரே இல்லாத தெருவிலும் கரண்டுக் கம்பியில் உட்கார்ந்திருக்கும் பறவை. ஆனால், நிறத்தை வைத்துப் பறவையைச் சொல்வது மிக மோசமான வழி. நிழலில் ஒரு நிறம், வெயிலில் வேறு நிறம். மைனாவைவிடச் சிறியதா பெரியதா, அலகு எப்படி, வால் எவ்வளவு, கிளையில் இருக்கிறதா தரையில் இருக்கிறதா, அங்கே என்ன செய்கிறது என்பதையெல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் நிறத்துக்கு வரவேண்டும். அந்தப் பெண் அலகையும் சொன்னாள், வாலையும் சொன்னாள், சருகைக் கிளறுவதையும் சொன்னாள். மீன்கொத்தி எந்த வயதிலும் தரையில் தத்திச் சருகைக் கிளறாது. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. காதில் வாங்கவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் விடியற்காலை ஆறு மணிவாக்கில் கொல்லையில் இரண்டு சுரத்தில் ஒரு சீழ்க்கை கேட்டது. கேட்ட மாத்திரத்தில் வயிற்றில் ஏதோ செய்தது. கதவைத் திறந்து பார்த்தேன். வாழையடிச் சருகில் நிமிர்ந்து நின்றிருந்தது ஆறுமணிக்குருவி. கண்ணை மறைத்தபடி பிடரிவரை ஓடும் தடித்த கறுப்புப் பட்டை, வெள்ளைத் தொண்டை, பச்சை முதுகு, தோளில் நீலம், வாலடியில் குங்குமச் சிவப்பு. வால் பெயருக்குத்தான். ஒரு சருகை அலகால் புரட்டித் தள்ளிவிட்டு, தலையைச் சாய்த்துப் பார்த்து, மண்ணிலிருந்து ஒரு புழுவை இழுத்தது.

இமயமலை அடிவாரக் காடுகளிலும் மத்திய இந்தியாவிலும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கூடு கட்டும் பறவை இது. மழைக்காலம் முடிந்ததும் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் கிளம்பிவிடும். இரவில் பறக்கும். விடியும்போது எங்கே இருக்கிறதோ அங்கே இறங்கும். அதனால்தான் செப்டம்பர், அக்டோபரில் சென்னை வீடுகளின் வராந்தாவிலும் மொட்டைமாடியிலும் களைத்துப்போய்க் கிடக்கும், கண்ணாடியில் மோதி விழும். அவ்வளவு தூரம் பறந்து என் வீட்டுக்கு வந்திருந்த பறவையைப் பற்றி ஒரு குழந்தை ஓடிவந்து சொல்லியிருக்கிறாள்.

இதுவரை சொன்னது அலட்சியம். இனிமேல் சொல்லப்போவதை அப்படிக் குறைத்துச் சொல்ல முடியாது.

அந்த வாரமே அவள் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். கலர் பென்சிலால் வரைந்திருந்தாள். கண்ணில் கறுப்புப் பட்டை, குட்டை வால், வாலடியில் சிவப்பை அழுத்தி அழுத்தித் தீட்டியிருந்ததில் தாள் லேசாகக் கிழிந்திருந்தது. பார்த்ததை அப்படியே வரைந்த படம். கீழே, குண்டு குண்டான எழுத்தில், 'மீன்கொத்தி'. அப்போது எனக்கு உண்மை தெரியும். "நல்லா வரைஞ்சிருக்கேம்மா" என்று சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பொங்கலுக்குப் பிறகுதான், வேறு ஏதோ பேசும்போது பேசுவதுபோல, "அன்னிக்கு நீ பார்த்தது ஆறுமணிக்குருவி" என்றேன். "அப்பவே தெரியுமா சார்?" என்று கேட்டாள். "இல்லம்மா, இப்பத்தான் புஸ்தகத்துல பார்த்தேன்" என்றேன். குழந்தையிடம் பொய் சொன்னேன். அவள் கண் சரியாகப் பார்த்ததை என் பெயருக்காகத் தவறாக்கினேன். தவறு தெரிந்த பிறகும் அதை அவள் நோட்டிலேயே விட்டுவைத்தேன். பறவை பார்ப்பவனுக்கு இதைவிடப் பெரிய குற்றம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இதை எழுத உட்காரும் முன் இஸ்திரி வண்டிக்குப் போய், அவள் அப்பா முன்னிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை எடுத்துவந்து என்னிடம் நீட்டினாள். பெயரை அடித்துவிட்டு 'ஆறுமணிக்குருவி' என்று எழுதிக் கொடுத்தேன்.

புரட்டாசி, ஐப்பசியில் உங்கள் கொல்லையிலும் இது இறங்கலாம். மரத்தடிச் சருகை அந்த இரண்டு மாதமாவது கூட்டி எரிக்காமல் விடுங்கள், அதற்கு இரை அங்கேதான் இருக்கிறது. வீட்டுப் பிள்ளைகள் புதிதாக ஒரு குருவி வந்திருக்கிறது என்றால், பெயர் சொல்வதற்கு முன் தயவுசெய்து எழுந்து போய்ப் பாருங்கள்.