தைப்பிங்கில் ஒரு நாள்: பேசும் பலகையோடு என் மருமகன்

தைப்பிங் என்றதும் நம் நினைவுக்கு வருவது மழை. தீபகற்ப மலேசியாவிலேயே அதிகமாக மழை பெய்யும் ஊர் இது. ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர் கொட்டும். இன்று மழை வருமா வராதா என்று ஒரு காலத்தில் காசு வைத்துப் பந்தயமே கட்டியிருக்கிறார்கள். ஈயத்துக்காக இங்கே வெட்டிக்கொண்டு மாய்ந்த சீனக் கூட்டங்கள் 1874இல் சமாதானமான பிறகு வந்ததுதான் 'தைப்பிங்' என்ற பெயர். பேரமைதி என்பது அதன் பொருள். 1885இல் இந்நாட்டின் முதல் இரயில் இங்கிருந்துதான் போர்ட் வெல்டுக்கு ஓடியது. அந்தத் துறைமுகம்தான் இப்போது கோலா செப்பெத்தாங்.

இவற்றையெல்லாம் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். சென்ற பள்ளி விடுமுறையில் நான் பார்த்த தைப்பிங் வேறு. அதை எனக்குச் சுற்றிக் காட்டியவன், வாயால் ஒரு சொல்லும் பேசாத என் மருமகன். பெரியம்மா மகளான என் அக்காளின் ஒரே பிள்ளை. வயது 26. அவனுக்கு ஆட்டிசம்.

எங்கள் தோட்டம் கீழ்ப்பேராக்கில், செம்பனைக் காட்டுக்கு நடுவே இருக்கிறது. பஸ் பிடித்து ஈப்போ வந்து, அங்கிருந்து மின்சார இரயில் ஏறினேன். சுங்கை சிப்புட், கோலா கங்சார் கடந்ததும் புக்கிட் பெராப்பிட் சுரங்கம் வரும். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் நீளம். இருட்டு விலகியதும் மலையடிவாரத்தில் தைப்பிங்.

நிலையத்தில் அக்காளும் மருமகனும் நின்றிருந்தார்கள். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தில் வாரோடு தொங்கிய டேப்லட்டில் விரலை வைத்தான். "வாத்தியார் மாமா. இரயில் நான்கு நிமிடம் தாமதம்" என்றது ஒரு குரல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னை வரவேற்ற முதல் வார்த்தையே புகார்!

அந்தக் கருவியை அக்காள் 'பேசும் பலகை' என்கிறாள். திரையில் கட்டம் கட்டமாகப் படங்களும் சொற்களும் இருக்கின்றன. தொட்டால் அந்தச் சொல்லைக் குரல் சொல்லும். படத்தில் இல்லாததை எழுத்துக் கூட்டியும் எழுதலாம். ஒரு சொல் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அங்கேயே எப்போதும் இருக்க வேண்டும். இடத்தை மாற்றினால் அவன் தடுமாறிவிடுவான். விடியற்கால இருட்டில் பால்மரத்து வெட்டுக்கோட்டைக் கத்தி தானே கண்டுகொள்ளுமே, அதுபோல அவன் விரல் தானே சொல்லைத் தேடிப் போகிறது. இப்படிப் பேசவைக்கும் செயலிகள் தமிழிலும் உண்டு. சென்னையில் அஜித் நாராயணன் என்ற பொறியாளர் உருவாக்கிய 'ஆவாஸ்' அவற்றில் ஒன்று. அதற்காக 2011இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்ப இதழ், 35 வயதுக்குட்பட்ட சிறந்த 35 புதுமையாளர்களில் ஒருவராக அவரைத் தேர்ந்தெடுத்தது.

ஆட்டிசம் என்பது நோயும் அல்ல, பேயும் அல்ல. மூளை வளரும் விதத்தில் பிறவியிலேயே அமைந்த ஒரு வேறுபாடு. 1943இல் லியோ கன்னர் என்ற மருத்துவர் அமெரிக்காவில் 11 பிள்ளைகளைக் கவனித்து இதைப் பற்றி எழுதினார். தாயின் அன்பு குறைந்ததால் வருவது என்று பின்னர் சில காலம் பழி சொன்னார்கள். அது தவறென்று மருத்துவ உலகம் எப்போதோ கைவிட்டுவிட்டது. நம் லயங்களில்தான் அந்தப் பழி இன்னும் கைவிடப்படவில்லை. கிரகணத்தில் வெளியே வந்தாள், யாரோ செய்வினை வைத்தார்கள் என்று பேச்சு நிற்பதே இல்லை.

அக்காளும் அந்தப் பேச்சைக் கேட்டவள்தான். மருமகனுக்குப் பதினொரு வயதிருக்கும்போது ஒரு வாரம் இரவும் பகலும் கத்தினான். தலையைச் சுவரில் மோதினான். சொந்தக்காரர்கள் கூடி மந்திரிக்கிறவரிடம் கொண்டுபோனார்கள். வேப்பிலையால் அடித்தார்கள். எட்டாம் நாள் கன்னம் வீங்கிய பிறகுதான் அரசாங்க மருத்துவமனைக்குப் போனார்கள். கடைவாய்ப் பல் சொத்தையாகிச் சீழ் பிடித்திருந்தது. பல்லைப் பிடுங்கியதும் பையன் அமைதியாகத் தூங்கினான்.

"பல் வலிக்குதுன்னு சொல்ல வாயில்லாத பிள்ளையை அடிச்சோமே, தம்பி" என்று அக்காள் இன்றைக்கும் சொல்வாள். நான்கு ஆண்டுகள் கழித்து, பேச்சுப் பயிற்சி தருபவர் ஒருவர் வழிகாட்ட, கூட்டுப் பணம் எடுத்து இந்தப் பலகையை வாங்கினாள். அதில் 'வலி' என்ற கட்டத்தைத்தான் முதலில் வைத்தாள். இப்போது அதைத் தொட்டால் உடம்பின் படம் வரும். வலிக்கும் இடத்தை அவன் தொட்டுக் காட்டுவான்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கோப்பிக்கடைக்குப் போனோம். அவனுக்கு எப்போதும் அதே மேசை, அதே நாற்காலி. மலாய்ச் சொற்களை அக்காள் தன் குரலிலேயே பதிந்து வைத்திருக்கிறாள். அதனால் மீசை வைத்த இளைஞன் அம்மாவின் குரலில் "கோப்பி ஓ, கூராங் மானிஸ்" என்று கேட்கிறான்! சீனத் தவுக்கே சிரிக்கவில்லை. மேசையைத் துடைத்தபடி, இன்னும் ஏதாவது சொல்வானா என்று காத்திருந்தார். அடுத்த சொல் வர அரை நிமிடத்துக்கு மேல் ஆனது. "ரொட்டி பாக்கார்." தவுக்கே தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

பக்கத்து மேசைக்காரர் அக்காளைப் பார்த்து, "இவனுக்கு எல்லாம் புரியுமா?" என்று கேட்டார்.

"அவன்கிட்டயே கேளுங்கய்யா" என்றாள் அக்காள்.

அவர் கேட்கவில்லை. மருமகன் மட்டும் பொறுமையாகக் கட்டங்களைத் தொட்டான். "புரியும். மெதுவாக."

வாரத்தில் நான்கு நாள் காலையில் அவன் டோபிக் கடை ஒன்றில் துணி மடிக்கிறான். அங்கேயும் போய்ப் பார்த்தேன். அவன் மடித்த சட்டைகள் அச்சில் வார்த்தவை போல அடுக்கியிருந்தன. அந்த வேலைக்கென்றே பலகையில் தனிப்பக்கம் உண்டு. 'பொத்தான் இல்லை', 'கறை போகவில்லை', 'கொஞ்சம் ஓய்வு வேண்டும்'. ஓய்வு என்று சொன்னால் கடைக்காரம்மா பத்து நிமிடம் பின்கட்டில் உட்கார விடுகிறார். இந்த ஒரு கட்டம் இல்லாத காலத்தில்தான் இரண்டு வேலை போயிற்றாம்.

பகலில் ஏரித் தோட்டம். ஈயம் தோண்டிய பள்ளங்களை 1880இல் பூங்காவாக்கினார்கள். கரையோரத்துத் தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டி வளைந்து, கிளை நுனியால் தண்ணீரைத் தொடுகின்றன. என் மருமகன் அங்கே ஒரு மணி நேரம் எதையும் தொடாமல், எதையும் கேட்காமல் உட்கார்ந்திருந்தான். கைகளை மட்டும் சிறகுபோல அசைத்துக்கொண்டிருந்தான். அது அவன் மகிழ்ச்சி என்றாள் அக்காள்.

அடுத்துப் பேராக் அருங்காட்சியகம். 1883இல் தொடங்கிய, நாட்டிலேயே மிகப் பழைய அருங்காட்சியகம். எனக்கு அதைப் பார்க்க ஆசை. வாசலில் மூன்று பஸ் நிறையப் பள்ளிப் பிள்ளைகள் வந்து இறங்கியிருந்தார்கள். மருமகன் காதுமூடியை மாட்டிக்கொண்டான். விரல் வேகமாக ஓடியது. "வேண்டாம். சத்தம். வீடு." அக்காள் மறுபேச்சில்லாமல் திரும்பி நடந்தாள். நானும் நடந்தேன். 'சோறு', 'தண்ணீர்' என்று கேட்க மட்டும் ஒரு பிள்ளைக்குச் சொல் கொடுத்தால் போதாது. 'வேண்டாம்' என்ற சொல்லையும் கொடுக்க வேண்டும். அதைச் சொன்னால் நாம் மதிக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் பலகை வெறும் விளையாட்டுச் சாமான்தான்.

மாலையில் தைப்பிங் தன் பெயரைக் காப்பாற்றியது. ஓட்டுக்கூரையில் மழை அறைந்தது. இடியென்றால் அவனுக்கு ஆகாது. அறைக்கதவைச் சாத்திக்கொண்டான். மழை விட்டதும் வந்து என் பக்கத்தில் அமர்ந்து, எழுத்துக் கூட்டி ஒரு கேள்வி எழுதினான். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது. "மாமா பள்ளியில் என் மாதிரி பிள்ளை இருக்கா?"

இருக்கிறாள். எங்கள் தோட்டத்து லயத்தில், எட்டு வயதுப் பெண். பேச்சு இல்லை. பாட்டி உதிரிப்பழம் பொறுக்கப் போகும்போது வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறார். பள்ளிக்கு வந்ததில்லை. அதைச் சொன்னேன்.

அவன் மூன்று கட்டங்களைத் தொட்டான். "அவள். பலகை. கொடு."

டேப்லட் வாங்க அந்தக் குடும்பத்தில் பணமில்லை. ஆனாலும் ஊர் திரும்பியதும், பிஸ்கட் டின் மூடியில் ஆறு படங்களை வரைந்து ஒட்டினேன். தண்ணீர், சோறு, வலி, வெளியே, பாட்டி, வேண்டாம். பாட்டியும் நானும் பேசும்போதெல்லாம் படத்தைத் தொட்டுக் காட்டிப் பேசினோம். இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது வாரம் ஒருநாள், பாட்டி ஊட்ட வந்த கஞ்சியைப் பார்த்து, அந்தப் பெண் 'வேண்டாம்' என்ற படத்தில் கையை வைத்தாள். பாட்டிக்கு முதலில் கோபம். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத்தனை வருசமா வேணாம்னு சொல்லக்கூட வழியில்லாம இருந்தியாடி?" என்றார்.

பெற்றோர் சிலர், பலகையைக் கொடுத்தால் வரவேண்டிய பேச்சும் வராமல் போகுமோ என்று அஞ்சுகிறார்கள். 2006இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு 27 பேரைப் பற்றி ஆராய்ந்தது. படமோ சைகையோ கருவியோ கொடுத்ததால் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது கூடியிருந்தது. ஆகவே அந்த அச்சம் வேண்டாம்.

உங்கள் லயத்தில் இப்படியொரு பிள்ளை இருந்தால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். பிறகு சமூகநல இலாகாவில் மாற்றுத் திறனாளி அட்டைக்குப் பதியுங்கள். பக்கத்தில் பி.டி.கே. எனப்படும் சமூக மறுவாழ்வு நிலையம் இருக்கிறதா என்று அங்கேயே கேளுங்கள். குறையைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்பது 2019 முதல் கல்வி அமைச்சின் கொள்கை. தயங்காமல் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள்.

அதுவரை ஒரு டின் மூடியும் ஆறு படமும் போதும். பிள்ளையிடம் ஒன்றைக் கேட்டால், பதிலை நீங்களே சொல்லிவிடாதீர்கள். தைப்பிங் தவுக்கே காத்திருந்ததுபோல நீங்களும் சற்றுக் காத்திருங்கள்.