எட்டு போட மறந்த கயிறு

கோனிஸ்டன் ஏரியில் எந்தப் படகும் மணிக்கு 10 மைலுக்கு மேல் போகக்கூடாது. இதே தண்ணீரில்தான் டொனால்ட் கேம்பெல் மணிக்கு 300 மைலைத் தாண்டப் பார்த்து, 1967 ஜனவரி 4 அன்று உயிரைவிட்டார். எனக்கு இரண்டு கணக்கும் தேவைப்படவில்லை. நான் ஏறவிருந்தது பதினோரு அடிக்கு இரண்டங்குலம் குறைவான ஒரு மரப்படகு. இன்ஜின் கிடையாது. சிவப்புப் பாய்.

இங்கிலாந்தின் வடமேற்கில் மலைகளுக்கு நடுவே தெற்கு வடக்காக எட்டு கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது ஏரி. கரையில் நான் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது. காலைச் சாப்பாட்டின்போது, ஊரில் எங்கள் தாத்தா தோணியில் போனவர் என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். "அப்படியானால் உங்களுக்குப் பாய் கட்டத் தெரியும்" என்று அவரே முடிவு செய்துவிட்டார். தாத்தாவின் தொழில் பேரனுக்கு ரத்தத்தில் வரும் என்று நம்புகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

படகின் பெயர் மிரர். 'டெய்லி மிரர்' பத்திரிகையின் ஆதரவில் 1963-இல் விற்பனைக்கு வந்தது. பணக்காரர்களின் விளையாட்டைச் சம்பளக்காரர்களிடம் கொண்டுவர வேண்டும் என்பது திட்டம். ஒட்டுப்பலகைத் துண்டுகள் பெட்டியில் வரும். அவற்றைச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் கண்ணாடியிழை நாடா ஒட்டினால் படகு. இந்த அம்மா சிறுமியாக இருந்தபோது அப்பாவும் அவருமாகக் கார் கொட்டகையில் தைத்ததாம். சட்டை தைப்பதுபோல் படகு தைத்தார்கள் என்பதை நம்பச் சிரமமாக இருந்தது. உள்ளே குனிந்து பார்த்தேன். வார்னிஷுக்கு அடியில் செம்புப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தன.

படகின் அணியத்தைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி நிறுத்தினோம். "ஷீட்டை எடுங்கள்" என்றார். நான் பாயைத் தூக்கினேன். அவர் சிரிக்கவில்லை, இந்தத் தவற்றை ஆயிரம் பேரிடம் பார்த்த முகம். படகுக்காரர்களின் ஆங்கிலத்தில் ஷீட் என்றால் துணி அல்ல, பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு. தூத்துக்குடித் தோணியில் தாமான் என்பார்களே, அது. பாயை மேலே ஏற்றும் ஆஞ்சானுக்கு அவர்கள் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். பாயின் அடியில் கிடைமட்டமாக நீளும் கம்புக்கு பூம் என்று பெயர். டச்சு மொழியில் அந்தச் சொல்லுக்கு மரம் என்றே பொருள். பாய்மரம் என்று சொல்லி வளர்ந்த எனக்கு அந்த ஒரு சொல் மட்டும் உடனே ஒட்டிக்கொண்டது.

பூமின் ஒரு முனையில் துளை. பாய்மரத்தில் துருத்தும் உலோக முளையில் அதைச் செருக வேண்டும். பாயின் பின்கீழ் மூலையைப் பூமின் மறுமுனைக்கு இழுத்துக் கட்ட வேண்டும். காற்று பூமை மேலே தூக்கிவிடாதபடி, அதன் அடியிலிருந்து பாய்மரத்தின் அடிக்கு இன்னொரு கயிறு. கடைசியாகத் தாமான். ஒரு நுனியைப் படகின் பின்பலகையில் ஒரு மூலையில் முடிந்து, மேலே பூமின் முனையில் உள்ள கப்பிக்குள் விட்டு, கீழே இறக்கி, மறு மூலைக் கப்பிக்குள் நுழைத்துக் கைக்குக் கொண்டுவர வேண்டும். நான் இரண்டடி இழுத்தால் பூம் ஓரடிதான் நகரும். அதற்குப் பதிலாகப் பாரம் பாதியாகிறது. நம் ஊரில் பாரம் தூக்குகிற கப்பிக் கணக்கேதான்.

எல்லாம் முடிந்ததும் தாமானை இறுக்கி ஒரு கட்டையில் சுற்றிக் கட்டினேன். கட்டிய வேலை எனக்கே அழகாகத் தெரிந்தது. அவர் ஒன்றும் பேசாமல் அவிழ்த்துப் போட்டார். "அதைக் கட்ட வேண்டாம். கையிலேயே இருக்கட்டும்." மலையிலிருந்து திடீரென்று இறங்கும் காற்றுக்கு விட்டுக்கொடுக்க ஒரு நொடிதான் கிடைக்குமாம்; கட்டியிருந்தால் அந்த நொடியில் படகு சாய்ந்துவிடும்.

அன்று காற்று எங்கள் ஊர்க் கணக்கில் வாடை. அது முதுகில் தள்ள, தெற்கே பீல் தீவை நோக்கிப் போனோம். ஆர்தர் ரான்சம் 1930-இல் எழுதிய 'ஸ்வாலோஸ் அண்ட் அமேசான்ஸ்' நாவலில் பிள்ளைகள் கூடாரம் போடும் தீவுக்கு இதன் சாயல் உண்டு. காற்று பின்னாலிருந்து வந்தால் பாயை முழுக்க விரித்துவிட வேண்டும். நான் தாமானைத் தளர்த்திக்கொண்டே போனேன். பாய் வெளியே விரிந்தது, சிவப்பாக, வீட்டுச் சுவரளவுக்கு. அத்தனை காற்றிலும் படகுக்குள் ஒரு சத்தமில்லை. காற்றோடு சேர்ந்து போகிறவனுக்குக் காற்று தெரியாது என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்த மயக்கத்தில் கயிறு முழுவதும் ஓடிவிட்டது. உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டு நுனி நழுவியது. டக் என்று ஒரு கப்பி, டக் என்று இன்னொன்று. கைக்கு வரும் நுனியில் எட்டு வடிவ முடிச்சு போட வேண்டும், அது கப்பியில் தடுத்து நிற்கும் என்று காலையில் சொல்லியிருந்தார். நான் போடவில்லை.

"இப்போது உங்கள் தாத்தா என்ன செய்வார்?" என்றார், முன்பாயின் கயிற்றை விட்டபடியே.

சுக்கான் பிடியைப் பாயின் பக்கம் தள்ளச் சொன்னார். படகு மெல்லத் திரும்பிக் காற்றைப் பார்த்தது. அதுவரை வராத சத்தமெல்லாம் ஒரே நேரத்தில் வந்தது. பாய் படபடத்து அடித்தது. பூம் தானாகவே தலைக்கு மேல் நடுவில் வந்து ஆடியது. நான் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தண்ணீரில் இழுபட்டுக்கொண்டிருந்த தாமானை எடுத்து, நடுங்கும் விரலால் முதல் கப்பிக்குள் நுழைத்தேன். ஈர நுனி பிரிந்து துடைப்பம்போல் விரிந்திருந்தது. வாயில் வைத்து முறுக்கி, ஊசிக்குள் நூல் கோப்பதுபோல் கோத்தேன். இரண்டாவது கப்பி. பிறகு எட்டு. அதை இழுத்துப் பார்த்து, சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் இழுத்தேன்.

தீவில் இறங்காமலே திரும்பிவிட்டோம். காற்றுக்கு எதிரே இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகக் கோணல்மாணலாக வெட்டி ஊர் வந்து சேர இரண்டு மணி நேரம். வழியெல்லாம் அவர் எனக்குத் தாத்தாவைப் பற்றிய கேள்விகளாகவே வைத்துக்கொண்டு வந்தார்.

இரவு தேநீர்க் கோப்பையை இடது கையால்தான் பிடிக்க முடிந்தது.